மஞ்சள்தூளில் அரூப ஓவியம்: செய்து பார்த்த முறை

மஞ்சள்தூளை அக்ரிலிக் மீடியத்தில் (ஓவியர்கள் நிறத்தூளைக் குழைக்கும் பிளாஸ்டிக் பசை) குழைத்துப் பலகையில் பூசிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மஞ்சளைக் காணோம். ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவந்துகொண்டிருந்தது. இரண்டு பலகை வீணான பிறகுதான் காரணம் பிடிபட்டது. அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் பலகை. மஞ்சளுக்கு அடியில் சாக்கும் மணலும் ஒட்டப் போகிறோம். துணி கேன்வாஸ் வேண்டவே வேண்டாம், அந்தக் கனத்துக்குத் தொய்ந்துவிடும். 9 மில்லிமீட்டர் பிளைவுட் போதும், ஹார்ட்வேர் கடையிலேயே வெட்டித் தருவார்கள். மரவேலைக்கான வெள்ளைப் பசையில் அதே அளவு தண்ணீர் விட்டு இரண்டு பக்கமும் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் எங்கள் மலேசியப் பினாங்கு ஈரத்துக்குப் பலகை வளைந்துகொள்ளும்.

அடுத்து சாக்கு. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா மளிகைக்கடைகளில் கேட்டுப் பாருங்கள். சணல் சாக்காக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் சாக்கில் இந்தப் பசை பிடிக்காது. இத்தாலிய ஓவியர் அல்பெர்த்தோ பூர்ரி அடிப்படையில் மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் டெக்சஸில் போர்க்கைதியாக இருந்தபோது வரையத் தொடங்கியவர். 1950களில் பழைய சாக்குகளை ஒட்டுப்போட்டுத் தைத்தே ஓவியமாக்கினார். கிழிசலையும் தையலையும் அவர் மறைக்கவில்லை. நீங்களும் ஓரத்தைக் கத்தரித்து நேராக்காதீர்கள், கையால் கிழித்து ஒட்டுங்கள்.

மணலுக்காக இங்குள்ள பத்து ஃபெரிங்கி கடற்கரைக்கு ஓடவேண்டாம். கடல்மணலில் உள்ள உப்பு ஈரத்தை இழுக்கும். என் முதல் படம் மழைநாளில் வியர்த்தது! கட்டட வேலை மணலைச் சலித்து, அலசி, காயவைத்துப் பசையில் குழைத்து மெல்லியதாகத் தடவுங்கள். கனமாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே கிடக்கும். ஒரு கை கோப்பிச் சக்கையும் தூவலாம், ஆனால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பூஞ்சணம்தான்.

இப்போது மஞ்சள். அதற்கு நிறம் தரும் குர்குமின், காரம் (அமிலத்துக்கு எதிரானது, மிளகாய்க் காரம் அல்ல) பட்டால் சிவக்கும். ஆரத்திக்கு மஞ்சள்நீரில் சுண்ணாம்பு போடுகிறோமே, அதே சங்கதி. அக்ரிலிக் மீடியம் காரத்தன்மை உள்ளது. வெள்ளைப் பசை பெரும்பாலும் லேசான அமிலத்தன்மையோடு இருப்பதால் அதில் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். நான் ஒரு கரண்டி தூளுக்கு மூன்று கரண்டி பசை எடுக்கிறேன். எந்தப் பசையானாலும் முதலில் ஒரு துளியைக் காகிதத்தில் தடவிப் பத்து நிமிடம் பொறுங்கள். நிறம் மாறவில்லையென்றால் பலகைக்குப் போகலாம். புது டப்பா திறக்கும்போதும் இதே சோதனைதான், சோம்பல் படாதீர்கள்.

சரி, அந்தச் சிவப்பு உங்களுக்கு வேண்டும் என்றால்? வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, பசை முழுதாகக் காய்வதற்குள் தூரிகையால் இழுங்கள். தொட்ட இடமெல்லாம் சிவக்கும், ஓரங்களில் தானாகக் கசியும். அந்தக் கசிவுக்காகத்தான் இத்தனை பாடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு தோலை அரிக்கும். இந்தச் சிவப்பு நாளடைவில் பழுப்பாகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பின்சேர்க்கை: வெயிலில் வெளுக்குமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வெளுக்கும். காலை வெயில் விழும் சன்னலோரம் நான் மாட்டிய படம் சில மாதங்களிலேயே பழைய செய்தித்தாள் நிறத்துக்கு வந்துவிட்டது. அதனால் இப்போதெல்லாம் மஞ்சள் நிறக் காவிமண் தூளை அதே பசையில் குழைத்து முதலில் ஒரு பூச்சு கொடுத்துவிட்டு, காய்ந்த பிறகே மஞ்சள்தூளை ஏற்றுகிறேன். காவி இரும்புச் சேர்மம், வெளிச்சத்துக்கு மசியாது. மேலே மஞ்சள் போனாலும் அடியில் ஒரு மஞ்சள் இருக்கும். வெளுத்துப்போன பழைய படம் இப்போது குளியலறைக்குப் போகும் இருட்டு நடையில் தொங்குகிறது. அது அங்கேயே இருக்கட்டும் என்கிறார் அம்மா.