புது கார் வாங்கும் முன் பாரத் என்கேப் மதிப்பெண்ணைப் படிப்பது எப்படி?

ஷோரூமுக்குள் காலை வைத்ததுமே “ஃபைவ் ஸ்டார் சேஃப்டி சார்” என்ற பேச்சு வந்துவிடும். யார் கொடுத்த ஸ்டார், எந்த வேரியன்ட்டுக்கு, பெரியவர்களுக்கா குழந்தைகளுக்கா என்று திருப்பிக் கேட்டால் பாதி இடங்களில் பேச்சு மைலேஜுக்குத் தாவிவிடும். பரவாயில்லை, விடை நம் போனிலேயே இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பின்னணி. 2014 முதல் குளோபல் என்கேப் என்ற அமைப்புதான் நம் ஊர் கார்களை மோதிப் பார்த்து மார்க் போட்டுக்கொண்டிருந்தது. முதல் சுற்றில் ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஐந்தும் பூஜ்ஜியம் வாங்கின. இப்போது இந்தியாவுக்கென்றே பாரத் என்கேப் என்ற சோதனைத் திட்டம் வந்திருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த டிசம்பரில் டாடா ஹாரியரும் சஃபாரியும் முதல் முடிவுகளாக வெளிவந்தன, இரண்டுக்கும் 5 ஸ்டார்.

படி 1: கார் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்

பாரத் என்கேப் இணையதளத்தில் மாடல் பெயரைத் தேடுங்கள். சோதனை செய்த காரென்றால் அதன் முடிவுத் தாள் அங்கேயே கிடைக்கும். ஷோரூம் வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதிலுள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்தும் போகலாம்.

பெயர் இல்லையென்றால்? இந்தச் சோதனை கட்டாயமில்லை, கம்பெனி தானாக விண்ணப்பித்தால்தான் நடக்கும். அதனால் பட்டியலில் இல்லாத கார் மோசமானது என்று சொல்ல முடியாது. அரசின் கட்டாய மோதல் சோதனையில் அதுவும் தேறித்தான் விற்பனைக்கு வருகிறது. ஆனால் அந்தக் கட்டாயச் சோதனையில் முன்பக்க மோதல் 56 கிமீ வேகத்தில் நடக்கிறது, பாரத் என்கேப்பில் 64 கிமீ. வித்தியாசம் 8 கிமீதானே என்று தோன்றும். மோதலின் ஆற்றல் சுமார் 30 சதவீதம் கூடிவிடுகிறது. ஒரே விலையில் இரண்டு கார் இருந்து, ஒன்றுக்கு மட்டும் மதிப்பெண் இருந்தால் நான் அதன் பக்கம்தான் சாய்வேன்.

படி 2: வேரியன்ட்டைப் பாருங்கள்

முடிவுத் தாளில் எந்த வேரியன்ட்டை மோதினார்கள், அந்த மதிப்பெண் எவற்றுக்கெல்லாம் பொருந்தும் என்று போட்டிருக்கும். நீங்கள் புக் செய்யப்போகும் வேரியன்ட் அதில் இருக்க வேண்டும். மாருதி பலேனோவுக்கு 2025-இல் வந்த முடிவில் பெரியவர் பாதுகாப்புக்கு இரண்டு மதிப்பெண் இருந்தது. 2 ஏர்பேக் வண்டிக்கு 24.04, 6 ஏர்பேக் வண்டிக்கு 26.52. கார் ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான்.

படி 3: பெரியவர்களுக்கான மதிப்பெண்

இது 32-க்கு. முன்பக்க மோதலுக்கு 16, பக்கவாட்டு மோதலுக்கு 16. முன்பக்கச் சோதனையில் கார் 64 கிமீ வேகத்தில் போய், நசுங்கக்கூடிய ஒரு தடுப்பில் டிரைவர் பக்க முகப்பின் 40 சதவீதத்தை மட்டும் கொடுத்து மோதும். எதிரே வரும் வண்டியோடு ஓரமாக மோதினால் இப்படித்தான் இருக்கும். பக்கவாட்டுச் சோதனையில் ஒரு தள்ளுவண்டி 50 கிமீ வேகத்தில் வந்து கதவில் இடிக்கும். 3 ஸ்டாரும் அதற்கு மேலும் வேண்டுமென்றால் 29 கிமீ வேகத்தில் கம்பத்தில் மோதும் சோதனையும் உண்டு. வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்சி வசதி, முன் சீட்டுகளுக்கு பெல்ட் எச்சரிக்கை ஆகியவையும் இருக்க வேண்டும்.

27 எடுத்தால் 5 ஸ்டார், 22 எடுத்தால் 4, 16 எடுத்தால் 3. சிட்ரோயன் பசால்ட் 26.19 எடுத்து 4 ஸ்டாரில் நின்றது. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை, ஒரு ஸ்டார் போய்விட்டது. அதனால் ஸ்டாரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

அப்புறம் அந்தத் தாளில் பொம்மை மனிதர்களின் படம் இருக்கும். தலை, நெஞ்சு, தொடை, கால் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிறம். பச்சை என்றால் நல்லது, மஞ்சள் பரவாயில்லை, சிவப்பு மோசம், நடுவில் ஆரஞ்சும் பழுப்பும் வரும். டிரைவரின் நெஞ்சு என்ன நிறம் என்று நான் முதலில் பார்ப்பேன்.

படி 4: குழந்தைகளுக்கான மதிப்பெண்

பெரும்பாலானோர் தாண்டிப் போகும் இடம் இது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இங்கிருந்தே தொடங்கலாம்.

மொத்தம் 49. அதில் 24, பின் சீட்டில் வைக்கும் 18 மாதக் குழந்தை, 3 வயதுக் குழந்தை பொம்மைகளுக்கு மோதலில் என்ன ஆனது என்பதற்கு. 12, விதவிதமான சைல்டு சீட்டுகள் அந்தக் காரில் சரியாகப் பொருந்துகின்றனவா என்பதற்கு. மீதி 13, காரிலேயே உள்ள வசதிகளுக்கு. டாடா பஞ்ச் இவி எடுத்த 45-ஐப் பிரித்துப் பாருங்கள்: 24, 12, 9. மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவின் 43-இல் முதல் இரண்டும் அதேபோல முழுசு, மூன்றாவது 7. நல்ல கார்கள்கூடச் சறுக்குவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதியில்தான்.

இங்கே 5 ஸ்டாருக்கு 41 வேண்டும், 4-க்கு 35. பெரியவர்களுக்கு ஒரு ஸ்டார், குழந்தைகளுக்கு ஒரு ஸ்டார் என்று தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். மேலே சொன்ன பலேனோவுக்குப் பெரியவர்களில் 4 ஸ்டார், குழந்தைகளில் 34.81 என்பதால் 3 ஸ்டார். விளம்பரத்தில் எந்த எண் பெரிதாக நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

படி 5: குளோபல் என்கேப்போடு கலக்காதீர்கள்

2022-க்குப் பிறகான குளோபல் என்கேப் மதிப்பெண் பெரியவர்களுக்கு 34-க்கு. மாருதி டிசையர் அங்கே 31.24, இங்கே 29.46. குறைந்துவிட்டதோ என்று பதற வேண்டாம், சதவீதமாக்கினால் இரண்டும் 92-ஐ ஒட்டித்தான் வரும். அதற்கும் முந்தைய முடிவுகள் 17-க்குப் போட்டவை. 2018-இல் நெக்ஸான் வாங்கிய 5 ஸ்டார் அந்தக் கணக்கு. அதை இன்றைய ஸ்டாரோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

சின்ன கார், பெரிய கார் ஒப்பீடும் அப்படித்தான். முன்பக்கச் சோதனை கிட்டத்தட்ட அதே எடையுள்ள வண்டியோடு மோதுவதைப் போன்றது. 5 ஸ்டார் ஹேட்ச்பேக் ஒரு பெரிய எஸ்யூவியோடு மோதினால் கதை வேறு.

படி 6: ஷோரூமில் கையால் பாருங்கள்

பின் சீட்டில் உட்காரும் பகுதியும் சாயும் பகுதியும் சேரும் இடுக்கில் விரலை விடுங்கள். கடினமான இரும்பு வளையம் இரண்டு தட்டுப்பட்டால் அதுதான் சைல்டு சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ். சாய்வுக்குப் பின்னாலோ டிக்கிப் பக்கமோ மேல் பட்டைக்கான கொக்கி இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். வீட்டில் சைல்டு சீட் இருந்தால் கூச்சப்படாமல் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். மாட்டிய பிறகு அடிப்பாகத்தைப் பிடித்து உலுக்கினால் அசையக் கூடாது.

நடு சீட்டுக்குத் தோளைச் சுற்றி வரும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, அதற்கும் தலைச்சாய்வு இருக்கிறதா என்று கவனியுங்கள். கைக்குழந்தையைப் பின்பக்கம் பார்த்தபடி முன் சீட்டில் வைக்க வேண்டிய நிலை வந்தால் அந்தப் பக்க ஏர்பேக்கை நிறுத்தியே ஆக வேண்டும், அது விரிந்தால் குழந்தைக்கு ஆபத்து. அதற்கான சுவிட்ச் சில கார்களில் டாஷ்போர்டின் ஓரத்தில், கதவைத் திறந்தால் தெரியும் இடத்தில் இருக்கும். பல கார்களில் சுவிட்சே கிடையாது. அந்தக் கார் என்றால் குழந்தைக்குப் பின் சீட்தான்.