கணுக்கால் நுண்துளை அறுவை சிகிச்சை: முன்னும் பின்னும்

கணுக்கால் மூட்டின் முன்புறம் வளர்ந்த எலும்பு முனை, மூட்டுக்குள் மிதக்கும் சிறு துண்டு, மூட்டின் அடிப்பக்கத்தில் இருக்கும் டேலஸ் எலும்பின் மேலுள்ள குருத்தெலும்புக் காயம் ஆகியவற்றை ஆர்த்ரோஸ்கோப்பி எனும் நுண்துளை அறுவை சிகிச்சை முறையில் சரிசெய்ய முடியும். ஆனால் மூட்டு முழுவதும் தேய்ந்துபோனவர்களுக்கு இதனால் பெரிய பலன் கிடைப்பதில்லை. ஆகவே எக்ஸ்-ரே, எம்.ஆர்.ஐ. படங்களைக் காட்டி, வலிக்கான காரணம் எது என்பதை மருத்துவரிடம் முதலில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, சர்க்கரை நோய், புகைப்பழக்கம் பற்றி எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மூட்டைச் சலைன் நீரால் விரித்து, பெரும்பாலும் முன்புறத்தில் இரண்டு சிறு துளைகளிட்டு, ஒன்றில் கேமராவையும் மற்றொன்றில் கருவியையும் செலுத்துவார்கள். பாதத்தின் மேற்புறத்திற்கு உணர்வு தரும் நரம்பு துளையிடும் இடத்தருகே செல்வதால், சிலருக்கு அங்கே மரத்துப்போகலாம். இதையும் முன்கூட்டியே கேட்பது நல்லது.

துளை சிறிதென்பதால் ஓய்வும் சிறிது என்று எண்ணிவிடக் கூடாது. எலும்பு முனையை மட்டும் செதுக்கினால் பெரும்பாலும் சில நாட்களிலேயே காலை ஊன்றலாம். குருத்தெலும்பு வளர எலும்பில் துளையிட்டிருந்தால் பல வாரங்கள் ஊன்றுகோல் தேவைப்படலாம். படுத்திருக்கும்போது காலை நெஞ்சு மட்டத்திற்கு மேல் உயர்த்தி வையுங்கள். காய்ச்சல், சீழ், கெண்டைக்கால் வீக்கம் தென்பட்டால் உடனே மருத்துவரை அணுகுங்கள். மூச்சுத்திணறல் வந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்லுங்கள்.