செவலைக்குப் போட்ட வேலி

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் செவலை என்ற குதிரையை வாங்கி வந்தபோது எங்கள் கொறங்காட்டில் (மேய்ச்சல் காட்டில்) வேலி இல்லாமல் இல்லை. சுற்றிலும் கிளுவை, அது பட்டுப்போன இடங்களில் நாலு வரி முள்கம்பி. மாடுகள் வருசக்கணக்காக அதற்குள்தான் மேய்ந்தன, குதிரைக்கும் போதும் என்று நினைத்துவிட்டேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, பக்கத்து ஊர் நோம்பியில் வேட்டுப் போட்டார்கள். அரண்டு ஓடிய செவலை முள்கம்பிக்குள் முன்னங்காலை விட்டுவிட்டது. பதினாலு தையல்.

மாட்டுக்கு முள் குத்தினால் பெரும்பாலும் பின்வாங்கும். மிரண்ட குதிரை காலை இழுத்துக்கொண்டு ஓடத்தான் பார்க்கும். அதனால் குதிரை வேலி தூரத்திலேயே அதன் கண்ணில் பட வேண்டும், மோதினால் கிழிக்கக் கூடாது. முள்கம்பியைக் கழற்றி எடைக்குப் போட்டேன். பெரிய கண் உள்ள ஆட்டு வலையும் வேண்டாம், குளம்பு உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். கிளுவையை மட்டும் வெட்டவில்லை. காற்றையும் தெருநாயையும் அது தடுக்கும். புது வேலியை அதற்கு நாலடி உள்ளே தள்ளிப் போட்டேன். வேலியோரம் அழகுக்கு அரளி மட்டும் வைத்துவிடாதீர்கள், குதிரைக்கு அது விஷம்.

வேலிக்காலுக்குச் சவுக்குக் கட்டை மலிவுதான், ஆனால் எங்கள் பூமியில் கரையான் விடாது. நான் 7 அடிக் கல்லுக்கால் வாங்கினேன். இரண்டேகால் அடி மண்ணுக்குள், மீதி வெளியே. கால்களுக்கு இடையில் 10 அடி. குறுக்கே பிடிக்கும் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) 20 அடி நீளத்தில் வருவதால், இப்படி நட்டால் பைப்பின் இணைப்பு எப்போதும் ஒரு காலின் மேலேயே விழும். முதலில் நூல் கட்டுங்கள். மூலைக்கால், கேட்டுக்கால் மட்டும் கான்கிரீட். மற்றவற்றுக்குக் கல்லும் மண்ணும் போட்டு, ஒவ்வொரு அரையடிக்கும் கடப்பாரையால் இடித்து இறுக்கினால் போதும். இடிப்பதில் ஆள் சோம்பினால் முதல் மழையிலேயே கால் சாயும். கூட நின்று பாருங்கள்.

பைப் மூன்று வரி: தரையிலிருந்து ஒன்றரை, மூன்று, நாலரை அடி உயரத்தில். கல்லில் துளை போட்டு, கிளாம்ப் வைத்து, குதிரை நிற்கும் பக்கமாகவே பைப்பைப் பிடியுங்கள். அப்போதுதான் சாய்ந்தாலும் பைப் கழன்று வெளியே விழாது, ஓடும்போது தோள் கல்லில் இடிக்காது. போல்ட்டின் நுனி வெளிப்பக்கம் இருக்கட்டும். மேல் வரிக்கு வெள்ளைப் பெயிண்ட், இருட்டிலும் தெரியும்.

மூலையைக் கூர்மையாக விடாதீர்கள். இரண்டு குதிரை இருந்தால் ஒன்று மற்றொன்றை மூலையில் ஒதுக்கி உதைக்கும். ஒரு காலுக்குப் பதில் மூன்று கால் நட்டு, மூலையை வளைத்துவிட்டேன். கேட்டும் மூலையில் வேண்டாம். டிராக்டர் போக 12 அடி வைத்தேன். சாதாரணத் தாழ்ப்பாளைச் செவலை இரண்டே நாளில் உதட்டால் தள்ளித் திறந்துவிட்டது. இப்போது சங்கிலியும் கொக்கியும், அதுவும் வெளிப்பக்கம்.

தொட்டால் லேசாக ஷாக் அடிக்கும் சோலார் வேலி பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதற்கென்றே விற்கும் மெஷின், நல்ல எர்த்து, வெள்ளைப் பட்டை நாடா என்றால் சரி. வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் கொடுப்பது கொலை. பேச்சே இல்லை.

வேலி முடிந்ததும் குதிரையை அப்படியே அவிழ்த்துவிடாதீர்கள். பகலில், கயிற்றில் பிடித்து, வேலியோரமாகவே இரண்டு சுற்று நடத்துங்கள். செவலை ஒவ்வொரு கல்லுக்காலையும் மோந்து பார்த்துக்கொண்டே வந்தது. மூன்றாம் நாள் மேல் பைப்பில் பிட்டத்தை வைத்து ஆசைதீரத் தேய்த்தது. போய்ப் பார்த்தால் இரண்டு கிளாம்ப் தளர்ந்திருந்தது. ஸ்பிரிங் வாஷர் போட்டு மறுபடி முடுக்கினேன். அதை முதலிலேயே போட்டுவிடுங்கள்.