மூன்று மீட்டர் செப்பு வயரும் ஆறு கோப்பைகளும்: தெர்மோகப்பிளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி தன் முதல் மின்சூளையின் படத்தை அனுப்பியிருந்தார். ஃபயர் பிரிக், காந்தல் (Kanthal) ஹீட்டர் காயில், எல்லாம் கச்சிதம். படத்தைப் பெரிதாக்கினேன். சூளைச் சுவரை ஒட்டி, சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளின் (முனையில் இணைத்த இரண்டு வேறு உலோகக் கம்பிகள்) வாலில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட். அங்கிருந்து மேஜை வரை சாதாரண செப்பு வயர். பத்து வருடத்துக்கு முன்னால் நான் போட்ட அதே ஜாயின்ட். டேப்பின் பசை இளகி வழிந்திருந்ததுகூட அப்படியே.

பிளஸ் மைனஸை ஒரு முனையில் மாற்றிக் கொடுப்பது, கம்பி அறுந்ததைக் கவனிக்காமல் விடுவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. சூடேற்றினால் எண் இறங்கும், இல்லையென்றால் எண்ணே வராது. ஐந்து நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

செப்பு வயரால் நீட்டுவது

இது வெளிப்படாது. அதுதான் எரிச்சல்.

என் தெர்மோகப்பிள் ஒரு அடி நீளம்தான், மேஜை மூன்று மீட்டர் தள்ளி. கடையில் கேட்டதற்கு, "வயர்னா வயர்தான் சார்" என்று பதில் வந்தது. நம்பினேன். ஐஸ் தண்ணீரில் வைத்தேன், 0 காட்டியது. கொதிக்கும் தண்ணீரில் 100. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆயிரம் டிகிரி வைத்து ஆறு கோப்பைகளைச் சுட்டேன். கிளேஸ் (மேலே பூசும் கண்ணாடிப் பூச்சு) மொத்தமும் வழிந்து, கோப்பைகள் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டன. நான் கிளேஸைத்தான் குறை சொன்னேன். மூன்று முறை கலவையை மாற்றினேன். இரண்டு மாதம் போனது. கடைசியில் சுத்த வெள்ளிக் கம்பி ஒரு துண்டை உள்ளே நிறுத்தி, துவாரம் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெள்ளி உருகுவது 961.78 டிகிரியில், காற்றில் ஆக்சிஜனை உள்ளிழுத்துக்கொள்வதால் ஒரு பத்து டிகிரி முன்னதாகவே இளகும். கம்பி துவண்டு உருண்டையானபோது டிஸ்பிளேயில் இருந்தது 890.

அறுபது டிகிரி எங்கே போனது? தெர்மோகப்பிள் முனையின் வெப்பநிலையை நேரடியாகச் சொல்வதில்லை. சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் (அதன் கம்பிகள் முடியும் இடத்துக்கும்) உள்ள வித்தியாசத்தைத்தான் மின்னழுத்தமாகத் தருகிறது. நான் வைத்திருந்த கே டைப்பில் (குரோமெல், அலுமெல் என்ற இரண்டு உலோகக் கம்பிகள்) டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். மேஜையில் எண்ணைக் காட்டும் போர்டு தன் சொந்த வெப்பநிலையை அளந்து அதோடு கூட்டிக்கொள்கிறது, குளிர்ந்த முனை தன்னிடம்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையில். நான் செப்பைச் சேர்த்ததும் குளிர்ந்த முனை சூளைச் சுவருக்குப் போய்விட்டது. அங்கே 95, போர்டில் 35. ஜாயின்டிலிருந்து போர்டு வரை இரண்டு பக்கமும் ஒரே செம்பு, அதனால் அந்த அறுபதுக்கு எந்த மின்னழுத்தமும் இல்லை. கொதிநீர்ச் சோதனையில் தேறியதற்குக் காரணமும் இதுவே: அன்று ஜாயின்டும் போர்டும் ஒரே அறைச் சூட்டில் இருந்தன.

தம்பியிடம் இன்னொரு தெர்மாமீட்டரை ஜாயின்டில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 88 வந்ததாம். "அப்போ அந்த வித்தியாசத்தை புரோகிராம்ல கூட்டிக்கலாமாண்ணா?" என்றார். முடியாது. பற்றவைத்த நேரத்தில் பிழை பூஜ்யம். சுவர் சூடாகச் சூடாக வளரும். ஜன்னலைத் திறந்தால் மாறும். தெர்மோகப்பிளைப் போலவே மின்னழுத்தம் தரும் நீட்டிப்புக் கம்பி உண்டு; கே டைப் காம்பன்சேட்டிங் கேபிள் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். எத்தனை ரூபாய் ஆனாலும் ஆறு கோப்பையையும் ஒரு தட்டையும்விட மலிவு.

நிறத்தை நம்புவது

சரியான கேபிளை வாங்கி, அதன் இரண்டு முனையிலும் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால் இன்னும் மோசம். சூடேற்றினால் எண் ஏறத்தான் செய்யும், ஆனால் பிழை இரட்டிப்பு. என் கணக்கில் 120 டிகிரி குறைத்துக் காட்டியிருக்கும். அமெரிக்க முறையில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். எலெக்ட்ரானிக்ஸ் பழகிய கை சிவப்பைத் தானாகவே பிளஸில் சொருகும். ஐஇசி என்ற சர்வதேச முறையிலோ பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். தெர்மோகப்பிள் கம்பியில் சந்தேகம் வந்தால் காந்தம் எடுங்கள்: கே டைப்பில் காந்தம் ஒட்டும் கம்பி அலுமெல், அதுதான் மைனஸ்.

மேக்ஸ்6675-ஐ வைத்து 1,050 கேட்பது

மேக்ஸ்6675 என்பது பல போர்டுகளில் தெர்மோகப்பிளைப் படிக்கும் சிப். அது காட்டும் உச்சம் 1023.75. கன்ட்ரோலர் "இன்னும் வரவில்லை" என்று காயிலை எரித்துக்கொண்டே இருக்கும்.

தசமத்தில் மயங்குவது

சாதாரண இரண்டாம் தரக் கே டைப்புக்கு 1,000 டிகிரியில் ஏழரை டிகிரி முன்பின் அனுமதி உண்டு. கால் டிகிரிக்குச் சண்டை வேண்டாம்.

எண் வந்ததும் அணைப்பது

முனை காயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, கோப்பை நடுவில் இருக்கிறது. முனை ஆயிரம் தொட்டபோது கோப்பையின் தடித்த அடிப்பாகம் இன்னும் பின்தங்கியே இருக்கும். நான் அரை மணி நேரம் அதே எண்ணில் பிடித்து வைக்கிறேன். துவாரத்தில் பார்க்கும்போது கோப்பையின் விளிம்பும் அடியும் ஒரே நிறத்தில் ஒளிர்ந்தால்தான் ஸ்விட்சுக்குக் கை போகும்.