'புட் ஆஃப்' எங்கே, எப்படி?

'தே புட் ஆஃப் த வெடிங்' என்றால் கல்யாணத்தைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். கல்யாணமே நின்றுபோனால் அது 'கால்ட் ஆஃப்'. இதை மாற்றிச் சொன்னால் இரண்டு வீட்டிலும் கலவரம்தான்.

பெயர்ச்சொல் வந்தால் 'புட் ஆஃப் த வெடிங்', 'புட் த வெடிங் ஆஃப்' இரண்டும் சரி. 'இட்', 'தெம்' மாதிரிச் சொற்கள் வந்தால் நடுவில்தான் உட்காரும்: 'புட் இட் ஆஃப்'. 'புட் ஆஃப் இட்' தப்பு.

பின்னால் வினை வந்தால் 'இங்' வடிவம் வேண்டும். 'ஷி புட் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்'. பலர் 'டு கோ' என்று எழுதிவிடுகிறார்கள். தமிழிலும் 'போவதைத் தள்ளிப்போட்டாள்' என்று தொழிற்பெயர்தானே போடுகிறோம், அந்த 'போவது'தான் 'கோயிங்'. இறந்த காலத்திலும் 'புட்' மாறாது. 'புட்டட்' என்று இங்கே வராது.

அதிகம் சறுக்குவது தேதியில். 'கூட்டத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள்' என்பதில் உள்ள 'க்கு'வைப் பார்த்து 'ஃபார் மண்டே' போடக் கை போகும். 'அன்டில் மண்டே' என்று எழுதுங்கள். கூட்டம் திங்களன்று நடக்கும் என்று பொருள். 'ஃபார்' போடுவது கால அளவுக்கு: 'புட் ஆஃப் ஃபார் எ வீக்', ஒரு வாரம் தள்ளி.

ஆளையும் 'புட் ஆஃப்' செய்யலாம். கடனைக் கேட்டுப் போனவரிடம் சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பினால், 'ஹி புட் மீ ஆஃப் வித் அன் எக்ஸ்க்யூஸ்'. ஒன்றைப் பார்த்தோ முகர்ந்தோ மனசு விட்டுப்போனாலும் இதே சொல்தான். 'த ஸ்மெல் புட் மீ ஆஃப் ஃபிஷ்': அந்த வாடையில் மீனே வேண்டாம் என்றாகிவிட்டது. எது வெறுத்துப்போனது என்பதையும் சேர்த்துச் சொல்லும்போது ஆள் நடுவில். வெறுத்துப்போனது கடைசியில். இதிலிருந்து பிறந்த பெயரடை 'ஆஃப்-புட்டிங்'.

'புட் ஆஃப் த லைட்' நம் பேச்சில் சகஜம், புரியவும் செய்யும். பரீட்சைத் தாளில் 'ஸ்விட்ச் ஆஃப்' போடுவது பத்திரம். அலுவலகக் கடிதத்தில் 'போஸ்ட்போன்' பொருந்தும். தேதியை முன்னுக்குக் கொண்டுவந்தால் 'ப்ரிங் ஃபார்வர்ட்'; நாம் தாராளமாகப் புழங்கும் 'ப்ரீபோன்' இந்தியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாது.