யு.எஸ்.டி.ஏ. வீட்டுக்கடன்: வட கரோலினாவில் ஆஃபர் போடும் முன் பார்க்க வேண்டியவை

ராலே அருகே கேரி, மோரிஸ்வில் ஊர்களில் வீட்டு விலை கட்டுப்படியாகாமல் மேற்கே சாத்தம் கவுண்டி பக்கம் வீடு தேடுபவர்கள் காதில் இந்தக் கடனின் பெயர் எப்படியும் விழுந்துவிடும். டவுன் பேமென்ட் இல்லாமல் முழு விலைக்கும் கடன் என்பது உண்மைதான். பணம் கொடுப்பது வங்கி, உத்தரவாதம் கொடுப்பது அமெரிக்க வேளாண்மைத் துறை (யு.எஸ்.டி.ஏ.). எச்-1பி, எல்-1 விசாவில் இருப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது. கிரீன் கார்டு வந்தபின் பாருங்கள்.

செலவு இது: கடனில் 1% உத்தரவாதக் கட்டணம், அதைக் கடனோடே சேர்த்துக்கொள்ளலாம். பிறகு ஆண்டுக்கு 0.35%. 2,80,000 டாலர் வீட்டுக்கு முதல் கட்டணம் 2,800 டாலர், ஆண்டுக் கட்டணம் தொடக்கத்தில் மாதம் சுமார் 82 டாலர். கிரெடிட் ஸ்கோர் 640 இருந்தால் வேலை சுலபம். வீட்டில் நீங்களே குடியிருக்க வேண்டும். வாடகைக்கு விட வாங்க முடியாது.

இது கிராமப்புற வீடுகளுக்கான கடன். ஆனால் இடத்தைக் கவுண்டி பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். கேரியின் ஊர் எல்லையே சாத்தம் கவுண்டிக்குள் நீள்கிறது. அவ்வளவு பெரிய ஊருக்கு இந்தக் கடன் கிடையாது. துறையின் இணையதள வரைபடத்தில் கதவு எண்ணோடு முழு முகவரியையும் போட்டுப் பாருங்கள். சாலைக்கு இந்தப் பக்கம் தகுதி, அந்தப் பக்கம் இல்லை என்பது சாதாரணம்.

நம்மவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது வருமானக் கணக்கில்தான். குடும்ப வருமானம் அந்தப் பகுதியின் இடைநிலை வருமானத்தில் 115 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இங்கே குடும்பம் என்பது கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் மட்டும் அல்ல, அந்த வீட்டில் குடியிருக்கப்போகும் பெரியவர்கள் எல்லோரும். கணவர் பெயரில் மட்டும் கடன் எடுத்தாலும் மனைவியின் சம்பளம் சேரும். கூடவே தங்கி வேலைக்குப் போகும் தம்பியின் சம்பளமும் சேரும். பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகையைப் பார்க்க மாட்டார்கள். மொத்தச் சம்பளம், போனஸ், ஓவர்டைம் எல்லாம் கணக்கு. 401கே ஓய்வுகாலச் சேமிப்புக்குப் போடும் பணமும் கழியாது.

சில லோன் ஆபீசர்கள் முதலில் விண்ணப்பதாரரின் சம்பளத்தை மட்டும் பார்த்து, கடனை அடைக்க முடியுமா என்று கணக்குப் போட்டு முன் ஒப்புதல் கடிதம் கொடுத்துவிடுகிறார்கள். அது வேறு கணக்கு, தகுதி வேறு கணக்கு. அந்தக் கடிதத்தை நம்பி ஆஃபர் போட்டால் வட கரோலினாவில் டியூ டிலிஜென்ஸ் ஃபீ (வீட்டைச் சோதித்து முடிவெடுக்கும் அவகாசத்துக்கான கட்டணம்) நேராக விற்பவர் கைக்குப் போகும். கடன் கிடைக்கவில்லை என்று நீங்கள் விலகினாலும் அந்தப் பணம் திரும்பாது. நம் ஊரில் அட்வான்ஸைப் பேசிப் பாதியாவது வாங்கிவிடலாம் என்ற நினைப்பு இங்கே செல்லாது. எர்னஸ்ட் மணி எனும் முன்பணம் வேறு. குறித்த கெடுவுக்குள் விலகினால் அது திரும்பக் கிடைக்கும்.

அதனால் ஆஃபருக்கு முன்பே வீட்டிலுள்ள எல்லோருடைய சம்பளச் சீட்டையும் கொடுத்து, குடும்ப வருமானக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் வேறு வங்கிக்குப் போங்கள். வரம்பைக் கொஞ்சம் தாண்டினாலும் மனம் தளர வேண்டாம், வருமானத்தில் கழிக்கக்கூடிய தொகைகள் உண்டு. பிள்ளைகளுக்குக் கழிவு உண்டு. 12 வயது வரையுள்ள பிள்ளைகளின் டேகேர் செலவும் கழியும். ஆனால் ரசீது வேண்டும். தெரிந்த ஆன்ட்டியிடம் விட்டு மாதாமாதம் கையில் கொடுத்த பணத்துக்கு ஆதாரம் இல்லை. குடும்பத்தில் நான்கு பேர் வரை ஒரு வருமான வரம்பு, ஐந்து முதல் எட்டுப் பேர் வரை அதைவிடக் கூடிய வரம்பு. அம்மாவோ அப்பாவோ நிரந்தரமாக உங்களோடு இருந்தால் அதை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.

வங்கி முடித்தபின் கோப்பு துறையின் ஒப்புதலுக்குப் போகும். அது வராமல் க்ளோசிங், அதாவது வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றி முடிப்பது, நடக்காது. தேதியைத் தள்ளியே போடுங்கள்.

வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது செப்டிக், அதாவது வீட்டுக் கழிவுநீரைத் தொட்டி வழியாக மண்ணுக்குள் விடும் அமைப்பு. கவுண்டியின் சுற்றுச்சூழல் சுகாதார அலுவலகத்தில் அந்த வீட்டின் செப்டிக் பெர்மிட்டைக் கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் நான்கு படுக்கையறை என்று இருக்கும், பெர்மிட் மூன்றுக்குத்தான் இருக்கும். இங்கே ஒரு படுக்கையறைக்கு நாளொன்றுக்கு 120 கேலன் என்ற கணக்கில்தான் தொட்டி, வடிகால் அளவெல்லாம் முடிவாகிறது. ஆள் கூடினால் வடிகால் நிலம் ஊறிப்போகும், கழிவுநீர் வீட்டுக்குள் எதிர்த்து வரும். வடை சுட்ட எண்ணெயை ஒருபோதும் சிங்க்கில் ஊற்றாதீர்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்ய ஆள் கூப்பிடுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் என்றால் கரண்ட் போனதும் மோட்டார் நிற்கும், குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. புயல் எச்சரிக்கை வந்தவுடன் பாத்டப்பை நிரப்பி வையுங்கள், டாய்லெட்டுக்கு ஆகும். கோலிஃபார்ம் பாக்டீரியா, நைட்ரேட் இரண்டுக்கும் ஆண்டுதோறும் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நைட்ரேட் சோதனை முடிவு வரும்வரை பால் பவுடர் கலக்க பாட்டில் தண்ணீரே போதும். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, செறிவுதான் கூடும்.