புற்றுநோய் முடிந்தது, சிறுநீரகம் எப்போது? காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டியவை

சிறுநீரகம் செயலிழந்து, புற்றுநோய்க்கும் சிகிச்சை முடித்த நீங்கள் மாற்றுச் சிறுநீரகம் பற்றிக் கேட்கும்போது, "இரண்டு வருஷம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று டாக்டர் சொன்னால் உடனே கேளுங்கள்: எந்தத் தேதியிலிருந்து? நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்து ஏமாறுபவர்கள் உண்டு. சிகிச்சை முடிந்த நாளில்தான் கணக்கு தொடங்கும். அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் நடந்திருந்தால் கடைசியாக முடிந்தது எதுவோ அதன் தேதி. மார்பகப் புற்றுக்கு ஹார்மோன் மாத்திரை வருடக்கணக்கில் தொடர்ந்தால், அந்தக் காலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று எழுத்திலேயே வாங்கிவிடுங்கள்.

இந்தக் காத்திருப்பு ஏன்? மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமலிருக்க டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட் போன்ற மருந்துகளை விடாமல் சாப்பிட வேண்டும். அவை எதிர்ப்பாற்றலை அடக்கும். எங்கோ மிச்சமிருக்கும் புற்றணுவை அடக்கி வைத்திருப்பதும் அதே எதிர்ப்பாற்றல்தான்.

எல்லாப் புற்றுக்கும் ஒரே கெடு கிடையாது. 2020இல் வெளிவந்த கேடிகோ (KDIGO) என்ற சர்வதேச சிறுநீரக நல அமைப்பின் வழிகாட்டியின்படி, 3 செ.மீ.க்குக் குறைவான சிறுநீரகக் கட்டி, க்ளீசன் (புற்றின் தீவிரத்தைக் காட்டும் மதிப்பெண்) 6 வரையுள்ள ப்ராஸ்டேட் புற்று, கருப்பை வாயின் மேல்படலத்தைத் தாண்டி உள்ளே ஊடுருவாத புற்று (கார்சினோமா இன் சிட்டு) ஆகியவற்றுக்குக் குணமான பின் காத்திருப்பே தேவையில்லை. ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுக்குக் குறைந்தது 2 வருடம், முற்றியதற்கு 5. க்ளீசன் 7 என்றால் 2, அதற்கு மேல் 5. ஆகவே பக்கத்து டயாலிசிஸ் படுக்கைக்காரரின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

அடுத்து, காகிதம். பயாப்சி ரிப்போர்ட், நிலை குறித்த பதிவு, அறுவைக் குறிப்பு, கீமோ மருந்துகளின் பெயரும் மொத்த அளவும், கதிர்வீச்சு எந்த இடத்தில் எவ்வளவு என்பது, எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து ஏறியிருந்தால் இதய எக்கோ கேட்பார்கள். இடுப்பில் கதிர்வீச்சு நடந்திருந்தால் அங்குள்ள ரத்தக்குழாய்களை ஸ்கேனில் பார்ப்பார்கள். புதுச் சிறுநீரகத்தை இணைப்பது அவற்றில்தான். புற்றுநோய் டாக்டரிடம் வாங்கும் கடிதத்தில் "ஃபிட்" என்ற ஒற்றை வார்த்தை போதாது. நோயின் வகை, நிலை, சிகிச்சை முடிந்த தேதி, இப்போது நோயின் தடயம் இல்லை என்பது, திரும்பி வர எவ்வளவு வாய்ப்பு என்பது ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும்.

இடையில் அதிகம் கெடுப்பது ரத்தம் ஏற்றுவது. ஒவ்வொரு பாட்டிலும் பிறருடைய திசுவுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தூண்டலாம். பிறகு பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பது அரிது. சிறுநீரகம் தரப்போகும் உறவினரின் ரத்தத்தை மட்டும் ஏற்றிக்கொள்ளவே கூடாது. ரத்தசோகைக்கு முதலில் இரும்புச்சத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ரத்த அணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டின் ஊசி போடுமுன் புற்றுநோய் இருந்ததை நினைவூட்டுங்கள், அதில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். உயிருக்கு ஆபத்தென்றால் ரத்தம் ஏற்றத்தான் வேண்டும், அதில் தயங்காதீர்கள்.

மார்பக அறுவையில் அக்குள் நெறிக்கட்டிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுத்திருந்தால், ஃபிஸ்டுலாவை (டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைப்பது) மறு கையில் போடுவதே நல்லது. அந்தக் கையின் ரத்தக்குழாயை இப்போதே காப்பாற்றுங்கள்: ரத்தம் எடுக்க வருபவரிடம் புறங்கையில் குத்தச் சொல்லுங்கள்.

சி.இ.ஏ., சி.ஏ.125 போன்ற, புற்றின் தடயத்தைத் தேடும் ரத்தப் பரிசோதனைகளின் அளவு சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குப் புற்று இல்லாமலேயே கூடலாம். ஒரே லேபில் எடுத்து, போக்கைப் பாருங்கள். ஒரு எண்ணைக் கண்டு நடுங்க வேண்டாம், படிப்படியாக ஏறினால் அலட்சியமும் வேண்டாம்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இரட்டை அளவில் போடப்படும். முடிந்தபின் ஆன்டிபாடி 10க்கு மேல் வந்ததா என்று பாருங்கள். சின்னம்மை போன்ற, பலவீனப்படுத்திய உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகள் சிறுநீரக மாற்று அறுவைக்கு நான்கு வாரம் முன்பே முடிய வேண்டும், பிறகு போட முடியாது. சொத்தைப் பல்லையும் இப்போதே கவனியுங்கள்.

தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்துக்கு டிரான்ஸ்டான் (தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம்) பட்டியலில் மருத்துவமனை வழியாகத்தான் பதிய முடியும். காத்திருப்புக் காலத்திலேயே பதியலாமா, பட்டியலில் பெயர் செயலற்ற நிலையில் இருக்கும் மாதங்கள் மூப்பில் சேருமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். குடும்பத்தில் தருபவர் இருந்தால் ரத்த வகை மட்டும் இப்போது பாருங்கள். முழுப் பரிசோதனையை இன்றே செய்தால், இரண்டு வருடம் கழித்து திரும்பச் செய்ய வேண்டிவரும், பணம்தான் வீண். கெடு முடிய சில மாதங்கள் இருக்கும்போது தொடங்கினால் போதும்.